பன்சலைக்குத் தொண்டு செய்யப் போகும் முன்



"வவுனியாப் பக்கம் கோயில்லயும் பன்சலயிலயும் தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்கள வச்சு வளக்கிறாங்களாம். நாங்களும் லீவுல போய்க் கொஞ்ச நாள் ஒத்தாசை செய்யலாமா?" என்று தோட்டத்து வாலிபப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. போகலாம் என்பதே பதில். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். வாசிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிக்க, வீட்டில் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. பாடத்தின் பிற்பகுதி, பிள்ளையை எங்காவது விடுதியில் விடலாமா என்று யோசிக்கிற தாய்மாருக்கும் உரியது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பார்க்க வந்து போகிறவர்கள் நிறையப் பேர். பிறந்த நாள் என்று பகல் சாப்பாடு கொடுக்க வருவார்கள். வருசப் பிறப்புக்குச் சட்டை கொண்டு வருவார்கள். படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். போனவர் திரும்பி வருவது தான் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

வன்னி நமக்கு அந்நியமா?

கண்டியில் தொடங்கும் ஏ-9 பாதை வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகிறது. அந்தப் பாதையில் நம்ம சனங்கள் ஐம்பது வருசத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து பட்டினி கிடந்த காலத்தில் ஒரு கூட்டம் போனது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது இன்னொரு கூட்டம். அதற்குப் பிறகு 1981, 1983. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் என்று போய்ப் பாருங்கள். "உங்க பூர்வீகம் எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் பதில் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

1977இல் கையில் மூட்டையோடு வவுனியாவில் போய் இறங்கிய குடும்பங்களை ஏற்றுக்கொண்ட அமைப்புகளில் முக்கியமானது காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், டாக்டர் எஸ். இராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1976இல் அதைத் தொடங்கினார்கள். குடியேற்றப் பண்ணைகள் அமைத்தார்கள். மருந்து கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்பள்ளிகள் நடத்தினார்கள். வெளியூரில் இருந்து ஆசிரியைகளைக் கூட்டி வராமல், கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து அந்த வேலையில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை காலையில் பார்க்கும் ஆசிரியை பின்னேரம் அதே ஊரில் தண்ணீர் அள்ளுவாள், நாளைக்கும் அங்கேயே இருப்பாள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். இராஜசுந்தரம் அந்த வருசம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி இந்தியாவுக்குப் போய், பல வருசங்கள் அங்கே வாழ்ந்து, கடைசியில் 2015இல் கிளிநொச்சிக்கே திரும்பி வந்து அங்கேயே கண் மூடினார். தொண்டு என்ற சொல்லைப் பேசும்போது இந்த இருவரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பது சரியில்லை.

அப்புறம் வந்தது நீண்ட யுத்தம். நடுவில் 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் எடுத்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனங்கள் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். தாயைப் பிரிந்த பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்பட்டுப் பெயர் தெரியாமல் போன பிள்ளை, தம்பியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்த அக்கா என்று எத்தனையோ பேர். பிரிந்த பிள்ளைகளை உறவுகளோடு சேர்ப்பதற்கு யுனிசெப் உதவியோடு வவுனியாவில் ஒரு பிரிவே வேலை செய்தது. அந்த முகாம் 2012இல் மூடப்பட்டது. அன்றைக்கு மூன்று வயதாக இருந்த பிள்ளைக்கு இன்றைக்கு வாலிப வயது.

அந்தக் காலத்திலும் அதற்கு முன்னும் இப்படியான பிள்ளைகளை ஏற்றுக்கொண்டவர்களில் மத நிறுவனங்கள் பெரிய பங்கு எடுத்தன. வவுனியா கோவில்குளத்தில் அகிலாண்டேஸ்வரர் கோவிலைச் சேர்ந்த அருளகம், கிளிநொச்சி ஜெயந்திநகரில் மகாதேவா சைவச் சிறுவர் இல்லம் ஆகியவை வன்னியில் எல்லாரும் அறிந்தவை. கன்னியர் மடங்களும் நடத்தின. நாட்டின் பல பகுதிகளில் பன்சலைகளும் பிள்ளைகளை வைத்து வளர்க்கின்றன.

இரண்டு பையன்களும் காக்கைகளும்

பன்சலையில் பிள்ளை வளர்ப்பது புதிய காரியம் அல்ல. புத்தர் காலத்துக் கதை ஒன்று பௌத்தர்களின் விநய நூலில், மகாவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. ஆனந்த தேரருக்கு வழக்கமாகச் சோறு கொடுத்து வந்த ஒரு குடும்பம் கொள்ளை நோயில் அழிந்து போனது. இரண்டு சின்னப் பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். காலையில் பிட்சுமார் பாத்திரத்தோடு வீதியில் வரும்போது, முன்பு வீட்டில் பார்த்துப் பழகிய ஆட்கள் என்று அந்தப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிட்சுமார் துரத்தினார்கள். பிள்ளைகள் அழுதார்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களை மடத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆனந்தருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புத்தரிடம் போய்ச் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் பையன்களுக்குக் காக்கை விரட்டத் தெரியுமா? தெரியும் என்றார் ஆனந்தர். அப்படியானால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது.

காக்கை விரட்டும் வயது என்றால் ஏழெட்டு இருக்கும். அந்தச் சின்ன வேலை ஒரு சாக்குத் தான். விதியும் உடையக் கூடாது, பிள்ளையும் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்கு ஒரு வழி. இந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் யாரிடம் ஓடினார்கள்? தெரிந்த முகத்திடம். அதே ஊர், அதே வீதி, பழகிய ஆட்கள். நாட்டின் மறுகோடிக்கு அவர்களை யாரும் ஏற்றி அனுப்பவில்லை.

அதே நூலில் ராகுலன் கதையும் உண்டு. புத்தரின் மகன் ராகுலன் சின்ன வயதிலேயே துறவில் சேர்க்கப்பட்டான். பாட்டனார் சுத்தோதனர் மனம் உடைந்து வந்து, இந்த வேதனை இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. ஆகவே பன்சலையில் பிள்ளையை வைத்துப் பார்ப்பது வேறு, சாமணேரராக்குவது வேறு. முதலாவது பராமரிப்பு, இரண்டாவது பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும் முடிவு. "சோறு போடுறவங்க தானே, அவங்க இஷ்டம்" என்று விட்டுவிடும் விஷயம் இது இல்லை. இலங்கை அரசு 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தில் 20ஆவது பிரிவு, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையை ஓரிடத்தில் வைக்கும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. சுத்தோதனர் கேட்டதும் கிட்டத்தட்ட அது தான்.

நம் பிள்ளைகள் தொண்டுக்குப் போனால் பெரிதாக உதவக்கூடிய இடமும் இங்கே தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் பேச வரும். சிங்களம் பேசும் ஹாமுதுருமார் நடத்தும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்று இருந்தால், அது காய்ச்சலில் முனகுவது என்ன என்று விளங்குவதற்கே ஒரு ஆள் வேண்டும். கனவு கண்டு எழும்பி அழும் பிள்ளையிடம் அதன் மொழியில் "ஒண்ணுமில்ல, படு" என்று சொல்ல ஆள் வேண்டும். தமிழ் எழுத்தை மறக்காமல் தினமும் ஒரு பக்கம் வாசிக்க வைக்க வேண்டும். மொழி போனால், பின்னாளில் ஒரு பெரியம்மாவோ தாய்மாமனோ தேடி வந்தாலும் பிள்ளைக்கு அவர்களோடு பேச வராது.

பிள்ளைக் காம்பராவில் பார்த்தது தான்

இனிப் பாடத்தின் முக்கியமான பகுதி. இதை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவையில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். ஆயம்மா ஒருவரே வருசக் கணக்காக இருந்தால், காலையில் தாய் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளை கொஞ்சம் சிணுங்கிவிட்டு ஆயம்மா இடுப்பில் ஏறிக்கொள்ளும். ஆயம்மா லீவு போட்டு வேறு ஆள் வந்தால் அன்றைக்கு ஒரே அழுகை. பால் குடிக்காது, தூங்காது. மாதத்துக்கு ஒரு ஆயம்மா மாறினால்? கொஞ்ச நாளில் பிள்ளை அழுவதையே விட்டுவிடும். "இப்ப பழகிருச்சு" என்று நாம் சந்தோசப்படுவோம். பிள்ளை பழகவில்லை. அழுது பயனில்லை என்று கண்டுகொண்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ஆனா பிராய்ட், டோரதி பர்லிங்ஹாம் என்ற இரண்டு பெண்கள் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள். ஆரம்பத்தில் எல்லாத் தாதிமாரும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். சாப்பாடு, குளிப்பு, துணி எல்லாம் ஒழுங்கு. ஆனாலும் பிள்ளைகள் பேசப் பழகுவதிலும், வெளிக்குச் சொல்லிப் போகப் பழகுவதிலும் பின்தங்கினார்கள். அப்போது அவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். நாலைந்து பிள்ளைக்கு ஒரு தாதி என்று சின்னக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். முதல் நாட்களில் ஒரே ரகளை. "இது என் அம்மா, நீ தொடாதே" என்று அடிபிடி. இல்லத்தில் அமைதி கெட்டது. ஆனால் கொஞ்சக் காலத்தில் அதே பிள்ளைகள் பேச்சிலும் பழக்கத்திலும் முன்னேறினார்கள்.

இந்த அடிபிடியை இல்லம் நடத்துகிற பலர் குழப்படி என்று நினைப்பார்கள். அமைதியாக வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கை கூப்பும் பிள்ளைகளைப் பார்த்து "எவ்வளவு நல்ல பிள்ளைகள்" என்று நாமும் சொல்லிவிட்டு வருவோம். இந்தப் பாராட்டைக் கொஞ்சம் யோசித்துத் தான் கொடுக்க வேண்டும் என்பது இதை எழுதுகிறவரின் அபிப்பிராயம்.

ருமேனியா நாட்டில் 1989இல் ஆட்சி மாறியபோது, அரசாங்க இல்லங்களில் ஆயிரக் கணக்கான பிள்ளைகள் வரிசைக் கட்டில்களில் கிடந்ததை உலகம் பார்த்தது. 2000ஆம் ஆண்டில் அங்கே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 136 சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் புத்தியிலும் பாசத்திலும் மேலே வந்தார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் மாற்றம் அதிகம் தெரிந்தது. தவறணையில் இருந்து எடுத்த கன்றை எப்போது நடுவது, எத்தனை முறை பிடுங்கலாம் என்பது நம்ம ஆட்களுக்குத் தெரிந்த விஷயம் தானே.

போன இடத்தில் காணப்போவது

முதல் நாள் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். மடியில் ஏறும். "அக்கா, போகாதீங்க" என்று சொல்லும். உங்களுக்கு மனசு கரைந்துவிடும். ஆனால் யோசியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆள் மடியில் போய் ஏறுமா? அம்மாவின் சேலைக்குப் பின்னால் அல்லவா ஒளியும்? யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, இவர் தான் என்னுடையவர் என்று ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம். ருமேனியப் பிள்ளைகளிடமும் இதையே கண்டார்கள். அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, அதை அன்றாடம் பார்க்கிற அக்காவிடமோ மேற்பார்வையாளரிடமோ கூட்டிப் போய் "இவர் சொன்னால் விளையாடலாம்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் பாசத்தை உங்கள் பக்கம் இழுக்காமல், அங்கேயே இருக்கப் போகிறவர் பக்கம் திருப்புவது தான் நல்ல தொண்டனின் வேலை.

சில பிள்ளைகள் தலையணைக்கடியில் பாண் துண்டு ஒளித்து வைத்திருக்கும். பசியில் கிடந்த பிள்ளை, நாளைக்குச் சாப்பாடு வரும் என்று நம்புவதற்குக் காலம் எடுக்கும். களவு என்று ஏசாதீர்கள். எறும்பு வராமல் ஒரு டப்பாவைக் கொடுத்து "இதில் வை" என்று சொன்னால் போதும்.

படுக்கையை நனைப்பது இன்னொன்று. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளிலும் இருக்கும். யுத்தத்தையும் அடிதடியையும் பார்த்த பிள்ளைகளிடம் இது சாதாரணம். காலையில் பாயை வெளியே போட்டு எல்லார் முன்னாலும் காட்டுகிற வழக்கம் எங்காவது இருந்தால், நீங்கள் விடிய முன் எழும்பி அந்தப் பாயைச் சத்தமில்லாமல் கழுவிப் போடுங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை கூட்டிப் போங்கள். இருட்டுக்குப் பயந்து எழும்பாத பிள்ளையும் உண்டு, அதற்கு ஒரு லாம்பு எரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படி ஆகும்.

"அப்பா எப்படிச் செத்தார்?" என்று கேட்காதீர்கள். பிள்ளையாகச் சொன்னால் கேளுங்கள். அழுதால் பக்கத்தில் இருங்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டி வருவது பிள்ளைக்குப் பெரும் சுமை.

செய்ய முடியாததைச் சொல்லவே வேண்டாம். "அடுத்த மாசம் வர்றேன்" என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாம் பிரட்டுக்களத்துக்குத் திரும்பிவிடுவோம். பிள்ளை கலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். எத்தனை நாள் நிற்பீர்கள், என்றைக்குப் போவீர்கள் என்று வந்த அன்றே சொல்லுங்கள். போகும் அன்று ஒளிந்து போகாமல் விடை சொல்லிப் போங்கள். பிறகு மாதம் ஒரு தபால் போட்டாலும் போதும், ஆனால் மாதா மாதம் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிழமை போவதைக் காட்டிலும், இரண்டு பேர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருசம் விடாமல் போவது நல்லது. வாலிபர் கழகம் இதைக் கூட்டத்தில் பேசி, யார் உண்மையில் போக முடியும் என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். கூரைக்குத் தகரம் போடுவது, கிணறு இறைப்பது, தோட்டம் கொத்துவது போன்ற சிரமதான வேலைக்குப் பத்துப் பேரும் போகலாம். அதற்குப் பிள்ளைகளோடு ஒட்டத் தேவையில்லை.

போவதற்கு முன் அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளை வைத்து வளர்க்கும் இல்லம் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பன்சலை, கோயில், சர்ச் என்று விதிவிலக்குக் கிடையாது. பதிவு இருக்கிறதா என்று மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் கேட்கலாம். பெயர், அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கிற இல்லம் தான் நல்ல இல்லம். எதையும் கேட்காமல் "வாங்க, தங்குங்க" என்று உள்ளே விடுகிற இடத்தில் நாளைக்கு யார் யார் வந்து தங்குவார்களோ! பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். முகம் தெரியப் படம் எடுத்துப் போனில் போடாதீர்கள். பிள்ளைக்கு அடியோ வேறு கொடுமையோ நடப்பதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். கொடுமை செய்கிறவர் காவி கட்டியவரா வெள்ளைச் சட்டைக்காரரா என்று பார்க்க வேண்டியதில்லை.

அநாதை என்கிற சொல்

பேச்சுவாக்கில் "அநாதைப் புள்ளைங்க" என்கிறோம். வன்னியில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே பல வீடுகளில் தகப்பன் இறந்தார் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, காணவில்லை என்று தான் இருக்கிறது. தாய்மார் வருசக் கணக்கில் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒருவருடைய பிள்ளையை அநாதை என்று கூப்பிட்டால், "உன் அப்பா செத்துப்போனார்" என்று நாமே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தகப்பனின் குடி, தாய் வெளிநாட்டுக்குப் போனது, இரண்டாம் கலியாணம், பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாதது என்று காரணங்கள் பல. நம் தோட்டங்களில் இருந்தும் பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள். "அங்க மூணு வேளச் சோறு, படிப்பு" என்று யாராவது வந்து சொன்னால், பெற்றவள் பிள்ளையின் நல்லதை நினைத்துத் தான் அனுப்புகிறாள். அவளைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அனுப்பும் முன் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, நன்னடத்தை உத்தியோகத்தரையோ பார்த்து, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். எந்தப் படிவத்திலும் வாசித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். மத மாற்றத்துக்கோ, துறவுக்கோ, மகவேற்புக்கோ சம்மதம் என்று அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். அனுப்பிவிட்டால், போய்ப் பார்க்கும் நாளைத் தவற விடாதீர்கள். பஸ் காசுக்கு வழியில்லை என்றால் கடிதமாவது போடுங்கள். வருசக் கணக்கில் யாரும் வராத பிள்ளையின் கோப்பில் கடைசியில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இல்லத்துப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் வெளியே போக வேண்டி வரும். அப்போது அதற்கு அடையாள அட்டை வேண்டும், பிறப்புப் பதிவு வேண்டும். யுத்தத்தில் எரிந்துபோன பதிவுகளுக்கு நகல் எடுக்கப் பலர் கச்சேரிக்கு நடையாய் நடந்தார்கள். நம்ம தோட்டத்திலும் பெயர் பிழையாக விழுந்த சான்றிதழோடு அலைந்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். தொண்டுக்குப் போகிற படித்த பிள்ளைகள் இதில் உதவலாம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லாவிட்டால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். நூறு பொம்மை வாங்கிக் கொடுப்பதை விட இது பெரிய வேலை.

உறவு இருந்தால்

வன்னிக்குப் போன நம் சொந்தங்களின் பிள்ளை எங்காவது இல்லத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டால், சும்மா இருந்துவிடாதீர்கள். பெரியப்பா, சித்தி, அம்மாயி என்று யாராவது அந்த மாவட்டத்து நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போய் உறவு முறையைச் சொல்லுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பழைய கடிதம், கலியாணப் படம் என்று எது இருந்தாலும் கொண்டு போங்கள். 1939ஆம் ஆண்டுச் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, தகுந்த ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளை கொடுக்கலாம். உங்கள் லயக் காம்பரா சின்னது என்பதால் மட்டும் நீங்களே வாய்ப்பில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டைப் பார்க்க வருவார்கள், குடும்பத்தில் மற்றவர்களின் விருப்பத்தையும் கேட்பார்கள். பிள்ளையின் விருப்பமும் முக்கியம். தெரியாத சித்தப்பாவை விட, தெரிந்த ஹாமுதுருவிடமே இருக்கிறேன் என்று சொல்லவும் கூடும். அதற்காக உறவை விட்டுவிடத் தேவையில்லை, பார்க்கப் போகலாம்.

நிரந்தரமாகக் கூட்டி வர முடியாதவர்கள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பள்ளி விடுமுறைக்கோ சில நாள் கூட்டி வர அனுமதி கேட்கலாம். பண்டிகை நாளில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போக, போக இடமில்லாமல் இல்லத்திலேயே தங்கும் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். கடைசி நேரத்தில் போய் நிற்காமல் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கூட்டிப் போகும் நாள், திரும்பக் கொண்டு வந்து விடும் நாள், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால், பிள்ளை எங்கே படுக்கும் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். விருந்தாளிக்கு விரிக்கிற புதுப் பாயைத் தனியாகப் போட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் படுக்கிற வரிசையில், நடுவில், ஒரு ஆள் படுக்கும் இடம் விட்டால் சரி. சுவர் ஓரம் வேண்டாம், நம்ம லயத்துச் சுவர் மழைக்கு ஊறும்.